சங்கம் கைவிட்டால் தொழிலாளிக்கு என்ன வழி? அமெரிக்கத் தொழிலாளர் சட்டத் தேர்வுக்கு நான் படித்த விதம்

நியாயமான பிரதிநிதித்துவக் கடமை, அதாவது தொழிலாளர்களுக்காகப் பேசும் சங்கம் அவர்கள் எல்லோரிடமும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற கடமை. அந்தப் பகுதிக்கு வந்ததும் என்னோடு படித்தவர்கள் பலர் நேராக 1967-ஆம் ஆண்டு வாக்கா வழக்கைத்தான் எடுத்தார்கள். நான் 1944-இல் வந்த ஸ்டீல் வழக்கில் தொடங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஸ்டீல் அலபாமாவில் ரயில் இன்ஜின் ஃபயர்மேன் (இன்ஜினின் நெருப்பைக் கவனிப்பவர்), கறுப்பினத்தவர். ஃபயர்மேன்கள் எல்லோருக்காகவும் பேரம் பேசும் உரிமை ஒரே சங்கத்திடம் இருந்தது. அந்தச் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகவே சேர்க்காது. அவர்களுக்கும் சேர்த்துப் பேசும் அதிகாரத்தை வைத்துக்கொண்டே, அவர்களை வேலையிலிருந்து ஓரங்கட்டும் ஒப்பந்தத்தை நிர்வாகத்தோடு போட்டது. ஸ்டீலின் இடத்துக்கு அவரைவிட சீனியாரிட்டி குறைந்த வெள்ளையர்கள் வந்தார்கள். அவருக்காக சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் வாதாடினார். எல்லோருக்காகவும் பேசும் அதிகாரத்தைச் சட்டம் தந்தால், பாகுபாடில்லாமல் பேசும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது என்றது உச்ச நீதிமன்றம். சந்தா கட்டாதவருக்கும் இந்த உரிமை ஏன் உண்டு என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. என் மனதை விட்டு அகலாத வழக்கு இது.

அப்புறம் வாக்கா. ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டி, இறைச்சி ஆலைத் தொழிலாளி ஓவன்ஸை மீண்டும் வேலையில் சேர்க்க மறுத்தார்கள். சங்கம் அவர் புகாரைப் பல படிகள் எடுத்துச் சென்றது, தன் செலவில் மருத்துவரிடமும் அனுப்பியது. அறிக்கை சாதகமாக வராததால் நடுவரிடம் போகாமல் நிறுத்திக்கொண்டது. அது கடமை மீறல் ஆகாது என்பதே தீர்ப்பு. தன்னிச்சையாகவோ, பாகுபாட்டோடோ, தீய எண்ணத்தோடோ நடந்தால்தான் மீறல். தொழிலாளிக்கு அநியாயம் நடந்தது என்பதற்காகவே சங்கம் தவறு செய்தது என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இதற்கு நேர் எதிரே 1976-இன் ஹைன்ஸ் வழக்கை வைத்துப் படியுங்கள். விடுதிக் கட்டணத்தைக் கூட்டிக் காட்டியதாக லாரி ஓட்டுநர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். விடுதியில் விசாரிக்கச் சொல்லி அவர்கள் கேட்டும் சங்கம் விசாரிக்கவில்லை. பணத்தை எடுத்தவர் விடுதி எழுத்தர் என்பது பின்னால்தான் தெரிந்தது. சங்கத்தின் கடமை மீறல் விசாரணையையே கெடுத்திருந்தால், வேலை நீக்கம் சரி என்ற நடுவர் குழுவின் முடிவு இறுதியானது என்று சொல்லி நிறுவனம் தப்ப முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டால், அது சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மீறியதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். சங்கம் நிர்வாகத்தோடு நடத்தும் பேச்சுவார்த்தைக்கும் வாக்காவின் அளவுகோல்தான் என்றது 1991-இன் விமானிகள் சங்க வழக்கு.

கேள்வியில் தேதிகள் இருந்தால் அவற்றை முதலில் கணக்கிடுங்கள். சங்கத்தின் மீதும் நிறுவனத்தின் மீதும் சேர்த்துப் போடும் இவ்வகை வழக்குகளைத் தொடர ஆறு மாதக் கெடுதான் என்று 1983-லேயே தீர்ப்பாகிவிட்டது. கெடு தாண்டியிருந்தால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு மற்றதை எழுதுங்கள்.