எச்4 விசாவில் படிக்கலாம்: டி ஆன்சா காலேஜில் சேர்ந்த கதை

கணவரின் வேலைக்காக அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சன்னிவேல், கூபர்டினோ பக்கம் வந்து இறங்கும் நம் பெண்கள் பல பேருக்கு யாரும் தெளிவாகச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எச்1பி வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்குத் தரும் எச்4 விசாவில் பொதுவாக வேலை பார்க்கத்தான் தடை, படிக்கத் தடை இல்லை. அதற்காக மாணவர் விசாவான எஃப்1 விசாவுக்கு மாறத் தேவையில்லை, யாரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. மதுரையில் பி.காம் முடித்து, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்து, கல்யாணத்துக்கு அப்புறம் இங்கே வந்து நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்த எனக்கு, ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையில் இருக்கும் டி ஆன்சா காலேஜில் சேர்ந்த பிறகுதான் இந்த ஊர் பிடிபட்டது. அதனால் செலவு எவ்வளவு, எப்படிச் சேர்வது, என்னென்ன படிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் பணம். டி ஆன்சா ஒரு கம்யூனிட்டி காலேஜ், அதாவது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் தரும் காலேஜ். கலிபோர்னியாவில் இப்படி அரசு கம்யூனிட்டி காலேஜ்கள் 116 இருக்கின்றன, எல்லாவற்றிலும் மாநிலவாசிகளுக்கு ஒரே கட்டணம்தான். பாடத்தின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுவார்கள். செமஸ்டர் முறை காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012லிருந்து அது ஏறவே இல்லை. டி ஆன்சா குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரை விடச் சின்னப் பருவங்கள், அங்கே ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். ஐந்து யூனிட் பாடம் ஒன்று எடுத்தால் 155 டாலர், அதோடு மாணவர் சங்கம், ஹெல்த் சென்டர் என்று சில சின்னக் கட்டணங்கள் சேரும். இரண்டு வருடப் பட்டமான அசோசியேட் டிகிரிக்கு 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும், பெருக்கிப் பார்த்தால் முழுப் படிப்புக்கும் யூனிட் கட்டணம் 2,790 டாலர்தான் வருகிறது. 1984 வரை இந்த மாநிலத்தில் இந்தக் கட்டணம்கூடக் கிடையாதாம். ஊரில் ஒரு எல்கேஜி சீட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இந்தக் கட்டணம் "ரெசிடென்ட்" என்று கணக்கில் எடுக்கப்படுபவர்களுக்கு மட்டும். வெளியாள் என்று முடிவானால் யூனிட்டுக்கு இதைப்போல் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும், பாதிப் பேர் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் பயந்து ஓடுகிறார்கள். எனவே இதை நிதானமாகப் படியுங்கள். குவார்ட்டர் தொடங்குவதற்கு முந்தைய நாள் நிலவரப்படி, கலிபோர்னியாவில் ஒரு வருடம் ஒரு நாளாவது வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கப்போகிற எண்ணம் இருப்பதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். சுற்றுலா விசாவிலும் எஃப்1 விசாவிலும் இருப்பவர்களுக்குப் பொதுவாக அந்தத் தகுதி வராது, எச்1பி, எச்4 விசாக்காரர்களுக்கு வரும். இது தெரியாமல், "நமக்கெல்லாம் ரெசிடென்ட் கட்டணம் கிடையாது, கிரீன் கார்டு வந்தால்தான்" என்று அடித்துச் சொல்பவர்கள் நம் ஆட்களிலேயே நிறைய இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள், காலேஜின் அட்மிஷன்ஸ் ஆபீஸில் நேரடியாகக் கேளுங்கள்.

ஆதாரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கலிபோர்னியா டிரைவிங் லைசென்ஸ் அல்லது மாநில ஐடி, உங்கள் பெயரும் இருக்கிற வாடகை ஒப்பந்தம், இங்குள்ள பாங்க் கணக்கு, கணவரோடு சேர்ந்து தாக்கல் செய்த மாநில வரிக் கணக்கு, இந்த மாதிரி. பல வீடுகளில் எல்லாமே கணவர் பெயரில் மட்டும் இருக்கும். வந்து இறங்கிய மாதமே உங்கள் பெயரையும் வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் ஐடி கார்டு எடுத்துவிடுங்கள். படிப்புக்காக மட்டும் சொல்லவில்லை, நாம் இந்த ஊரில் இருக்கிறோம் என்பதற்கு நம் பெயரில் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

அந்த முதல் வருடம் என்ன செய்வது? பட்டத்துக்கான யூனிட் கணக்கில் சேராத நான்கிரெடிட் வகுப்புகள் உண்டு, அவற்றுக்குக் கட்டணமே கிடையாது. ஆங்கிலம் பேச, எழுதக் கூச்சப்படுபவர்கள் அங்கே தொடங்கலாம். அக்கம்பக்கத்து அடல்ட் ஸ்கூல்களிலும் ஆங்கில வகுப்புகள் இருக்கின்றன.

சேர்வதற்கு நுழைவுத் தேர்வு, மார்க் கட்டாஃப், டொனேஷன் எதுவும் இல்லை. பதினெட்டு வயது ஆனவர் யாராக இருந்தாலும் சேரலாம். சிசிசிஅப்ளை என்கிற பொதுத் தளத்தில் இலவசமாக விண்ணப்பிக்க வேண்டும். எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கேட்கும் இடத்தில் பதற வேண்டாம், என்னிடம் இல்லை என்று தேர்வு செய்ய வழி இருக்கிறது. விசா வகை, எந்தத் தேதியிலிருந்து கலிபோர்னியாவில் இருக்கிறீர்கள் என்ற கேள்விகளுக்கு மட்டும் கவனமாகப் பதில் எழுதுங்கள், ரெசிடென்ட்டா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் முதலில் முடிவு செய்வார்கள். அப்புறம் ஓரியன்டேஷன், கவுன்சிலரைப் பார்த்து எஜுகேஷன் பிளான் போடுவது. கவுன்சிலர் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஊரில் படித்த டிகிரியைக் கணக்கில் எடுக்க வைக்க, மார்க் ஷீட்டை வெளி நிறுவனம் ஒன்றில் கொடுத்து மதிப்பிட வைக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு ஆகும், நாளும் ஆகும்.

என்ன படிக்கலாம் என்றால், நம்மவர்கள் கம்ப்யூட்டர் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். நான் அக்கவுன்டிங் எடுத்தேன். மாலை வகுப்பு, கணவர் வந்து பையனைப் பார்த்துக்கொள்வார். டெபிட், கிரெடிட் எங்கேயும் ஒன்றுதான் என்றாலும் இங்கத்திய வரியும் கணக்கு விதிகளும் வேறு, அதைப் படிக்காமல் இங்கே யாரும் வேலை தர மாட்டார்கள். இங்கத்திய ஆடிட்டர் தேர்வான சிபிஏ எழுத நினைத்து, ஊர் டிகிரியில் குறைகிற யூனிட்டை நிரப்ப வந்தவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள். குழந்தைகளோடு இருக்கப் பிடிக்கும் என்றால் சைல்ட் டெவலப்மென்ட் படிக்கலாம், பாலர் பள்ளி ஆசிரியர் ஆக இங்கே 12 செமஸ்டர் யூனிட் அளவுக்கு அந்தப் பாடங்கள் வேண்டும், அது 18 குவார்ட்டர் யூனிட். கார் மெக்கானிக் படிப்பு, நர்சிங், லாப் டெக்னீஷியன் எல்லாம் இருக்கின்றன. பக்கத்தில் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் இருக்கும் ஃபுட்ஹில் காலேஜும் இதே மாவட்டத்தைச் சேர்ந்ததுதான், அங்கே டென்டல் ஹைஜீனில் நான்கு வருட பட்டமே தருகிறார்கள். எச்4காரர்களில் சிலருக்கு மட்டும் கிடைக்கும் வேலை அனுமதி அட்டையான எச்4 இஏடி இருந்தால் உடனே வேலைக்குப் போகலாம், இல்லாதவர்கள் படித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இது கஷ்டம், மறைக்கவில்லை. சும்மா காத்திருப்பதை விட இப்படிக் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

"கம்யூனிட்டி காலேஜா? அது படிக்காத பசங்க போற இடமாச்சே" என்று ஒரு விருந்தில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அதற்குப் பதில் இதோ. டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரன்டி என்று ஒன்று இருக்கிறது. இங்கே இரண்டு வருடம் குறிப்பிட்ட பாடங்களை எடுத்து, அவர்கள் கேட்கும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வைத்திருந்தால், டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் ஒன்றில் இடம் உறுதி. பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோ இந்தத் திட்டத்தில் இல்லை, ஆனால் அங்கேயும் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகிறவர்கள் நிறையப் பேர். யூசியில் மாநிலவாசிக்கே வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல் ஆகிறது, தங்குமிடம் தனி. முதல் இரண்டு வருடத்தை இங்கே முடித்துப் போகும் பிள்ளை கடைசியில் வாங்குவது அதே யூசி பட்டம்தான். ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கே டி ஆன்சாவில் படித்துவிட்டு பெர்க்லி போனவர். பிள்ளைகள் ஹைஸ்கூலில் இருந்தால் இதை வெட்கமில்லாமல் யோசியுங்கள். எச்4இல் இருக்கும் பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆனால் அந்த விசா போய்விடும் என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

வகுப்பில் எனக்குப் பிடித்தது, யாரும் யாருடைய வயதையும் பார்ப்பதில்லை. பதினெட்டு வயதுப் பையன், ராணுவத்திலிருந்து வந்தவர், பேரன் எடுத்த பாட்டி, எல்லாரும் ஒரே வரிசையில். பேராசிரியரிடம் ஆபீஸ் ஹவர்ஸில் போய் உட்கார்ந்து கேட்கலாம், கேட்காமல் இருந்தால்தான் அவர்களுக்கு ஆச்சரியம். எங்கள் காலேஜில் எழுந்து நின்று "சார்" என்று சொல்வதைத் தவிர நான் வாயைத் திறந்ததில்லை. இங்கே வகுப்பில் பேசுவதற்கே மார்க் உண்டு. பேசப் பேச வந்துவிட்டது.

புத்தகம்தான் சில சமயம் பாடக் கட்டணத்தை விட அதிகமாக இருக்கும். வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவு இல்லாத பாடங்களைத் தனியாகக் குறித்திருப்பார்கள், முதலில் அவற்றைப் பாருங்கள். லைப்ரரியிலும் சில பாடப் புத்தகங்களைச் சில மணி நேரம் வைத்துப் படிக்கத் தருவார்கள்.

ஃபால் குவார்ட்டர் செப்டம்பர் கடைசியில் தொடங்கும், வின்டர் ஜனவரியில், ஸ்பிரிங் ஏப்ரலில். பதிவு அதற்குப் பல வாரம் முன்பே திறந்துவிடும், பழைய மாணவர்களுக்கு முன்னுரிமை என்பதால் நல்ல நேரத்து வகுப்புகள் நிரம்பியிருக்கும். வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டுவிடுங்கள், முதல் வாரத்தில் நிறையப் பேர் விலகுவார்கள், இடம் கிடைக்கும். பிடிக்காவிட்டால் அறிவித்த தேதிக்குள் விலகினால் பணம் திரும்ப வரும், ரெக்கார்டிலும் எதுவும் ஏறாது. ஆனால் முதல் வகுப்புக்கே போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், அதனால் அந்த வாரத்தில் மட்டும் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.