முள்ளியவளை நாட்குறிப்பு: அக்காவின்ர பியோனி

மே 9
அக்கா ரொறன்ரோவில இருந்து தன்ர பியோனிப் பூச்செடியின்ர படம் அனுப்பியிருக்கிறா. மொட்டு பட்டாணி அளவுதான். தண்டு இன்னும் சிவப்பு. "போன வரியத்தைவிடக் கனக்க" எண்டு எழுதியிருக்கிறா. மருந்து ஏத்தினதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மே 11
கனடா விசாப் பதில் இல்லை.

மே 14
நித்திரை வரேல்லை. பியோனியைப் பற்றி வாசிச்சுக்கொண்டு கிடந்தன். நடுவில இருக்கிற சிவப்பை வைச்சுப் பெறாமகன், அக்காவின்ர பெடியன், பெயரைக் கண்டுபிடிச்சிட்டான்: ஃபெஸ்டிவா மாக்சிமா. 1851இல பிரான்சில மியெல்லே எண்டவர் வெளியிட்ட வகை. வெள்ளை அடுக்குப்பூ, நடு இதழ்களில மட்டும் அங்கங்க ரத்தச் சிவப்பில ஒரு தீற்று. விதை போட்டால் தாயைப் போல வராது. கிழங்கைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் இவ்வளவு காலமும் கைமாறி வந்திருக்கு. அப்ப அக்காவின்ர வளவில நிக்கிறது அந்த முதல் செடியின்ர துண்டேதான். அந்த வீட்டில முந்தி இருந்த கிழவி வைச்சது. கிழவி போய்ச் சேர்ந்திட்டா, செடி நிக்குது. 50 வரியம், அதுக்கு மேலயும் ஒரே இடத்தில நிண்டு பூக்குமாம். இதை வாசிச்ச பிறகுதான் கண் அயர்ந்தது.

மே 18
முள்ளிவாய்க்கால் நினைவு நாள். விளக்கேத்திப்போட்டு வந்தம். அம்மா கதைக்கேல்லை.

மே 21
அக்கா வீடியோவில வந்தா. "ஏன் பிள்ளை வீட்டுக்குள்ளயும் தலையைச் சுத்திக் கட்டியிருக்கிறாய்?" எண்டு அம்மா கேட்டா. "அங்க குளிர் அம்மா" எண்டு நான் முந்திக்கொண்டன். அக்கா உடன போனைத் திருப்பி மொட்டைக் காட்டினா. முழுக்க எறும்பு. அம்மா பதறிப்போய் "சாம்பல் தூவு, சாம்பல் தூவு" எண்டா. மொட்டைப் பொத்தியிருக்கிற புல்லிதழில தேன் கசியுது, எறும்பு அதைத் தேடித்தான் வருகுது, பூவுக்கு ஒரு கெடுதலும் இல்லை. எறும்பு வந்தால்தான் விரியும் எண்டு அங்க சனம் நம்புதாம். அதுவும் இல்லை. எறும்பில்லாமலும் விரியும்.

மே 22
அம்மாவுக்குச் சொல்லுறதா?

மே 26
சோளகக் காத்துத் தொடங்கீட்டுது. கொடியில போட்ட உடுப்பெல்லாம் புழுதி. அம்மா புதுசா ஒண்டு பிடிச்சிருக்கிறா: "நீ போனால் ஒரு துண்டுக் கிழங்கு கொண்டுவா, கிணத்தடியில வைப்பம்." இங்க வராது. மாரி முழுக்க, கிழமைக்கணக்கில 5 பாகைக்குக் கீழ குளிர்ந்து கிடந்தால்தான் அது பூக்கும். வன்னியில மார்கழிப் பனியிலயும் அந்தளவு குளிர் வராது. சொன்னன். "வைச்சுப் பார்க்காமல் எப்பிடித் தெரியும்?" எண்டா. சண்டை முடிஞ்சு மெனிக் பாம் முகாமில இருந்து வரேக்க வீடு இல்லை, வேலி இல்லை, கிணத்தடி அடுக்கு நந்தியாவட்டை மட்டும் நிண்டது. அதைக் கண்ட மனிசியோட பாகைக் கணக்குக் கதைச்சு வெல்லேலாது.

ஜூன் 1
வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் றோட்டு நிறையப் போகுது. கடல் தண்ணியில விளக்கெரியவைக்கிற அம்மாளாச்சி, எனக்கு ஒரு விசாவைத் தாங்கோ.

ஜூன் 3
கோவம். நல்ல கோவம். அக்கா போனில சொல்லுறா, புரட்டாதி கடைசியில கிழங்கைக் கிண்டிப் பிரிக்கவேணுமாம். ஒரு துண்டில 3 தொடக்கம் 5 கண், அதுதான் முளை, இருக்கவேணும், கண்ணுக்கு மேல 2 அங்குல மண்ணுக்குக் கூடப்படாது, ஆழம் கூடினால் இலைதான் வரும், பூ வராது, நட்ட பிறகு ரெண்டு மூண்டு வரியம் மக்கர் பண்ணும். ஆருக்கு எந்தத் துண்டு எண்டு பேரும் சொல்லுறா. நான் போனை வைச்சிட்டன். செடி பிரிக்கிற கதையா அது? எனக்கு விளங்காதா? நல்லா நிக்கிற செடியைப் பிரிக்கத் தேவையே இல்லை எண்டு நானும் வாசிச்சிருக்கிறன்.

ஜூன் 5
அக்காதான் எடுத்தா. "அடியே, நீ வாற நேரம் பூ முடிஞ்சிருக்கும்." இந்த வகை முதல் பூக்கிற கூட்டம், விரிஞ்சால் ஒரு கிழமை, பத்து நாள். அதுக்கு வழி இருக்கு. மொட்டில நிறம் தெரிஞ்சு, விரலால அமத்தினால் மெத்தெண்டு இருக்கிற நேரம் வெட்டவேணும். கல்லு மாதிரி இருந்தால் வெட்டினாலும் விரியாது. தண்டு முழுவதையும் எடுக்காமல் அடியில ரெண்டு இலையாவது விடவேணும், வாற வரியத்துக்கு அதுதான் சாப்பாடு. தண்ணியில வைக்காமல் பேப்பரில சுத்தி பிரிஜ்ஜுக்குள்ள படுக்கப்போட்டால் ரெண்டு மூண்டு கிழமை நிக்கும். வெளிய எடுத்து, தண்டின்ர நுனியைத் திரும்ப வெட்டித் தண்ணியில விட்டால் விரியும். எல்லாத்தையும் குரல் பதிவா அனுப்பினன். "சரி ரீச்சர்" எண்டு பதில் வந்தது.

ஜூன் 6
பிரிஜ்ஜில மாம்பழம் இருக்கோ எண்டு கேட்டன். இருக்காம். எடுக்கச் சொன்னன். பழம் விடுற வாயு மொட்டைப் பழுதாக்கிப்போடும்.

ஜூன் 9
முதல் பூ விரிஞ்சிட்டுது. அம்மா படத்தை வைச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தா. "வாசம் இருக்கோ?" இருக்கு, நல்ல வாசமாம்.

ஜூன் 11
ரொறன்ரோவில அடைமழை. அடுக்கடுக்கான இதழுக்குள்ள தண்ணி ஏறிப் பூவெல்லாம் நிலத்தில தலை சாய்ஞ்சு கிடக்காம். கம்பி வளையம் போட ஆளில்லை. பெறாமகன் வேலைக்குப் போயிட்டான், அக்காவால குனியேலாது. நான் இங்க பாலைப்பழம் கழுவிக்கொண்டு நிக்கிறன்.

ஜூன் 12
போன் எடுக்கேல்லை.

ஜூன் 13
அக்காவை ஆஸ்பத்திரியில மறிச்சிட்டினம். காய்ச்சலாம், மருந்துக்கு இப்பிடி வாறதாம். பெறாமகன் சொன்னான், முந்தநாளே மழைக்குள்ள குடையோட போய் அக்கா மொட்டு வெட்டி உள்ள வைச்சிட்டா எண்டு. மாம்பழம் இல்லையாம்.

ஜூன் 14
அம்மாவுக்குச் சொன்னன். அவ முன்னமே அறிஞ்சிருக்கிறா.

ஜூன் 16
கொழும்பில இருந்து செய்தி. பாஸ்போட்டை வந்து எடுக்கட்டாம். குடுத்ததோ இல்லையோ எண்டு அதில இல்லை. இரவு பஸ்சில வெளிக்கிடுறன். சித்தி வந்து அம்மாவோட நிப்பா.