காயில்லாத விளாவை அடையாளம் காண்பது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் அடிவாரத்திலும் குப்பனூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டிலும் முள்ளோடு நிற்கும் மரத்தையெல்லாம் விளா என்று சொல்லிவிடுகிறோம். விளா, வில்வம், மகாவில்வம் மூன்றும் எலுமிச்சைக் குடும்பம். மூன்றுக்கும் நேரான முள் உண்டு. மேலே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விளாவைத் தேடி அலைய வேண்டாம். அது வறண்ட நிலத்து மரம்.

காய் இருந்தால் சிக்கலே இல்லை. சாம்பல் பூத்த வெள்ளை ஓடு, சொரசொரப்பு, உள்ளே பழுப்புச் சதை என்றால் விளா. வழவழப்பான ஓடும் மஞ்சள் சதையும் வில்வத்துக்கு. மகாவில்வத்தின் காய் சுண்டைக்காய் அளவுதான்.

காய் இல்லாத மாதங்களில் இலைதான் சாட்சி. விளாவின் ஒரு காம்பில் பெரும்பாலும் 5 அல்லது 7 சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும், நுனியில் ஒன்று தனியாக. சிற்றிலை 3 செ.மீ. சுமார், நுனி மழுங்கி, சில சமயம் சிறு பள்ளத்தோடு. காம்பின் இருபுறமும் மெல்லிய பச்சை விளிம்பு இறகுபோல ஓடும். கசக்கி மோந்தால் சோம்பு வாசனை வரும். எனக்கு இதுதான் முதல் நம்பிக்கை. வில்வத்தில் மூன்று இலை, கூரிய நுனி, நடு இலைக்கு நீண்ட காம்பு, இறகு கிடையாது. மகாவில்வத்தின் இறகோ நன்றாக அகலமானது, இலை விளிம்பும் அலையலையாக இருக்கும்.

தவறு நேர்வது ஓரிலையைப் பார்த்து முடிவு கட்டுவதால். விளாவிலும் சில காம்புகளில் மூன்றே சிற்றிலைகள் வரும். வெவ்வேறு கிளைகளில் பத்துக் காம்பிலாவது சிற்றிலைகளை எண்ணுங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், அது விளாவையும் தின்னும், வில்வத்தையும் தின்னும்.

காய் பறித்தால் ஓர் அடி உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டுப் பாருங்கள். எகிறினால் முற்றவில்லை, எகிறாமல் கிடந்தால் முற்றியது. முற்றியதை இரண்டு வாரம் வெயிலில் வைத்தால் பழுக்கும்.

கன்று வாங்கும்போதும் இலையை எண்ணிக் கசக்கிப் பாருங்கள். விதைக்கன்று காய்க்கப் பதினைந்து ஆண்டுகூட ஆகும். அத்தனை காலம் வளர்த்த பிறகு அது வில்வம் என்று தெரியவேண்டாம். ஒட்டுக்கன்று கிடைத்தால் அதையே நடுங்கள், சீக்கிரம் காய்க்கும்.