அரக்கு கலர் சட்டையும் ஆர்ச் மேனிங்கும்

டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் குடிவந்து ஏழு வருடமாகிறது. சனிக்கிழமை ஆனால் எதிர்வீட்டிலிருந்து வரும் கூச்சலுக்குக் காரணம் ஃபுட்பால் என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது.

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தவனை எதிர்வீட்டுப் பெரியவர் கைதட்டிக் கூப்பிட்டார். "நாளை ராத்திரி வந்துவிடு. ஆர்ச் ஆடப்போகிறான்." சொந்தப் பேரனுக்குக் காதுகுத்து என்பது போலச் சொன்னார்.

விஷயம் இதுதான். டெக்சஸ் பல்கலைக்கழக அணிக்கு அப்போது குவார்ட்டர்பேக் குவின் ஈவர்ஸ். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் நூற்று இருபது கிலோ ஆட்கள் நாலு பேர் மேலே விழ வந்துகொண்டிருப்பார்கள். முந்தின சனிக்கிழமை சான் அன்டோனியோ அணியுடன் ஆடியபோது ஈவர்ஸுக்கு விலாவை ஒட்டி வயிற்றுத் தசை பிடித்துக்கொண்டது. வெளியே போனார். உள்ளே வந்த 20 வயதுப் பையன் ஆர்ச் மேனிங் எறிந்த முதல் பந்தே டச் டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்குள் போய்ச் சேர்ந்து ஆறு புள்ளி. கொஞ்ச நேரத்தில் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு 67 கெஜம் ஓடினான். 56-7 என்று ஜெயித்தார்கள். மறுநாள் வந்த கல்லூரி அணிகளின் தரவரிசையில் டெக்சஸ் முதலிடம், 2008க்குப் பிறகு முதல் தடவையாக. இப்போது ஈவர்ஸுக்கு ஓய்வு. மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் கையில் தாலியைக் கொடுத்துவிட்டார்கள்.

தோழனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தாத்தா ஆர்ச்சி மேனிங், பெரிய ஆட்டக்காரர். பெரிய சித்தப்பா பெய்ட்டன், சின்னச் சித்தப்பா ஈலை, இந்த ஆட்டத்தின் உச்சக் கோப்பையான சூப்பர் பவுலை ஆளுக்கு இரண்டு முறை ஜெயித்தவர்கள். அப்பா கூப்பருக்கு மட்டும் முதுகுத்தண்டுக் கோளாறால் ஆட்டம் இளம் வயதிலேயே நின்றுபோனது. பையன் கல்லூரியில் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 2023இல், அவன் கையெழுத்துப் போட்ட, ரசிகர்கள் சேகரிக்கும் ஆட்டக்காரர் அட்டை ஒன்று தர்ம காரியத்துக்காக ஏலத்தில் 1,02,500 டாலருக்குப் போனதாம். வாரிசு என்றால் நமக்குப் புரியாதா என்ன!

சனிக்கிழமை காலையிலேயே என் மனைவி ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தாள்.

"என்னங்க, இன்னைக்குப் புரட்டாசி முதல் சனி. அவங்க வீட்ல மாட்டுக்கறி சுடுவாங்க. வாசத்துக்கு மயங்கிடாதீங்க. வடை சுட்டுத் தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

"சரி. என்ன சட்டை போட்டுக்கறது?"

"போன தீபாவளிக்கு எடுத்த அரக்கு கலர். நல்லா இருக்கும், போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்."

அந்தச் சட்டையோடும், அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டு மெதுவடையோடும் தெருவைக் கடந்தேன். கதவைத் திறந்த பெரியவரின் சிரிப்பு என் முகத்தில் தொடங்கி, கழுத்துக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் செங்காவி! சட்டை, தொப்பி, கைதுடைக்கும் காகிதம், நாயின் கழுத்துத் துணி வரை சுட்ட செங்கல் நிறம். ஏதோ மடத்துக்குள் நுழைந்துவிட்டேனோ என்றிருந்தது. எல்லோரும் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக்கொண்டு வரவேற்றார்கள். 2002இல் ரஜினி ரசிகர்கள் தெருவுக்குத் தெரு காட்டித் திரிந்த அதே முத்திரை. இங்கே அது மாட்டுக் கொம்பாம். நானும் பதிலுக்குக் காட்டினேன். பழக்கப்பட்ட விரல்கள்தானே.

மூலையிலிருந்து ஒரே ஓர் ஆள் மட்டும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். பெரியவரின் மருமகன். அவர் படித்தது டெக்சஸ் ஏ அண்ட் எம். அந்தக் கல்லூரியின் நிறம் அரக்கு. ஆஸ்டின்காரர்களுக்கு அவர்கள் பங்காளி வகையறா. 2011க்குப் பிறகு ஒருவரோடொருவர் ஆடாமலே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வருடம் நவம்பரில்தான் மறுபடி மோதுவதாக இருந்தார்கள். அந்த வீட்டில் மாமனார் மருமகன் பேச்சு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நடுவில் அரக்குச் சட்டையோடு நான்.

சரி, வீட்டம்மாவிடமாவது அடைக்கலம் தேடலாம் என்று சாய்வு நாற்காலிப் பக்கம் போனேன். அந்தப் பாட்டி மிசிசிப்பிக்காரர். ஆர்ச்சி அங்கே ஆடிக்கொண்டிருந்தபோது அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். தாத்தா போட்ட சட்டை எண் 18 என்பதால் அந்த வளாகத்துக்குள் வண்டியே மணிக்கு 18 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்களாம். நம்ம ஊரில் தெருவுக்குப் பேர் வைப்பதோடு விட்டுவிடுவோம். பாட்டி என் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். "மிசிசிப்பி ஸ்டேட் கலரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாயே!" அவர் ஊரின் இன்னொரு கல்லூரி அது, அந்தப் பங்காளிகளின் நிறமும் அரக்குதானாம். ஒரே சட்டையில் கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாகப் பகையாளியானது அந்தத் தெருவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வடை காப்பாற்றியது. கூடக் கொண்டுபோன சட்னியை வைத்த இடம் யாருக்கும் தெரியவில்லை. உருகிய சீஸைக் குழம்பு மாதிரி ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்கள், கேசோ என்று பெயர். பெரியவரின் நண்பர், ஓய்வுபெற்ற பள்ளிக் கோச், வடையின் ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கி அதில் முக்கி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "இந்த டோனட்டில் மிளகு இருக்கிறது" என்று அறிவித்தார். அம்மா பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

ஆட்டம் தொடங்கியது. எதிரணி லூயிசியானா மன்றோ, சின்ன அணி. இந்த மாதிரிச் சின்னக் கல்லூரிகளைப் பெரிய கல்லூரிகள் கைக்காசு கொடுத்து வரவழைத்து அடிப்பது வழக்கமாம். "காசு கொடுத்து உதைக்கிற ஆட்டத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று மருமகன் ஆரம்பித்து வைத்தார். அப்புறம் ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? ஆர்ச் ஒரு பந்தைச் சரியாக எறிந்தால், "ஈவர்ஸ் நிம்மதியாக இன்னும் ஒரு மாதம் படுத்திருக்கட்டும்" என்றார் கோச். அடுத்த எறி தரையில் விழுந்தால் அவரே, "பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன யோசனை, பரீட்சையா எழுதுகிறான்?" என்றார். பாட்டிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "சித்தப்பா இரண்டு பேருக்கும் ஓட வராது. இவன் போன வாரம் ஓடினதைப் பார்த்தாயா? அது ஆர்ச்சியின் கால்." பேரனுக்குத் தாத்தா சாயல் என்று அடித்துப் பேச எல்லா ஊரிலும் ஒரு பாட்டி இருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து ஆர்ச் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துவிட்டான். இன்டர்செப்ஷன். அறையில் சத்தமே இல்லை. அத்தனை தலையும் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

எனக்கு இது புதிதில்லை. 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று, எந்த நாற்காலியில் இருக்கும்போது தோனி நிலைத்து நின்றாரோ அதை விட்டு அப்பா என்னைப் பாத்ரூமுக்குக்கூட எழவிடவில்லை. அதனால் இவர்கள் பார்வை சொல்லாமலே புரிந்தது. சமையலறைப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். இரண்டாவது இன்டர்செப்ஷனும் வந்தது. பெரியவர் எழுந்து மாடிக்குப் போனார். வரும்போது கையில் ஒரு செங்காவி டீ ஷர்ட், அவர் அளவில். ஒன்றும் பேசாமல் என் தலைவழியே மாட்டி, குழந்தைக்குச் செய்வது போலக் கையை எடுத்து வெளியே விட்டார். அது என் முழங்கால் வரை தொங்கியது.

அதற்கப்புறம் ஒரு பந்துகூட அப்படிப் பறிபோகவில்லை. நான் உண்மையைத்தான் சொல்கிறேன்.

கடைசியில் 51-3. ஐம்பத்தொன்றுக்கு மூன்று! ஆனால் அந்த அறையைப் பார்த்தால் ஜெயித்த வீடு மாதிரியா இருந்தது? கல்யாணப் பந்தியில் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, அப்பளம் நமுத்திருந்தது என்று வெற்றிலை மெல்லும் கூட்டம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். 29 எறிந்ததில் 15தான் சேர்ந்தது, இரண்டு டச் டவுனுக்கு இரண்டு இன்டர்செப்ஷன். வெள்ளிக்கிழமை குப்பைத் தொட்டியோடு நின்றவனைக் கூப்பிட்டு "ஆர்ச் ஆடப்போகிறான்" என்ற அதே பெரியவர், "ஈவர்ஸ்தான் போன வருடம் அலபாமாவை அவர்கள் ஊரிலேயே போய் அடித்தான். இப்போ அவன் வயிறு எப்படி இருக்காம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரை அந்தப் பையன் மேல் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. மருமகன் மட்டும் நிம்மதியாக மீதி வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மனைவி டீ ஷர்ட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்ன நைட்டி?"

விவரம் சொன்னேன். முடிவில், "பையன் மொத்தம் 258 கெஜம் எறிஞ்சான். அது போதுமா போதாதான்னுதான் இன்னமும் சண்டை போட்டுட்டிருக்காங்க" என்றேன்.

அவள் ஒரு விநாடிதான் யோசித்தாள். "ஆறு கெஜம்னா 43 புடவை. ஒரே ராத்திரில. இதுக்கு மேல என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

அடுத்த சனிக்கிழமையும் ஈவர்ஸ் வரவில்லை, ஆர்ச்தான். எதிரணி யார் தெரியுமா? மிசிசிப்பி ஸ்டேட், அதே அரக்குக்காரர்கள். மத்தியானமே பெரியவர் வாசலில் வந்து நின்றார், டீ ஷர்ட் துவைத்து வைத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போக. பாட்டி வடையை இரண்டு மடங்காகக் கேட்டனுப்பியிருந்தார். அன்று 31 எறிந்ததில் 26 சேர்ந்தது, ஒன்றுகூடப் பறிபோகவில்லை, 35-13. கோச், "நான் அப்போதே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

கூச்சலுக்கு நடுவே போன் அடித்தது. மனைவி.

"எத்தனை கெஜம்?"

"324."

"54," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.