இறுதித் தீர்வாம்

"தம்பி, இதில ஒரு கையெழுத்துதானாம். பாத்துச் சொல்லு."

கிளிநொச்சியில் கிளினிக் வரிசையில் பக்கத்து வாங்கிலிருந்த அம்மா நீட்டியது காப்புறுதிக்காரர் குடுத்த, முழுக்க ஆங்கிலத் தாள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, இதுவே இறுதித் தீர்வு என்றிருந்தது.

ஏ9 வீதியில் டிப்பர் தட்டிய அவரின் காலில் இன்னும் கம்பி இருக்கிறது. அடுத்த சத்திரசிகிச்சைக்குத் திகதியே குறிக்கவில்லை.

காப்புறுதிக்காரருக்கு மட்டும் எல்லாம் முடிந்துவிட்டது!

"போடாட்டி அவை கோவிக்க மாட்டினமோ?" என்று வேறு கேட்கிறார்.

காயம் ஆறமுதல் பேசினால் தொகை சிறிது. அந்த அவசரம் அதுக்குத்தான்.

வாகனம் தட்டி அடிபடுகிற மற்றவருக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம், யாரும் போடுகிற பிச்சையில்லை. நட்டஈட்டு வழக்குப் போட, பொதுவாக 2 வருடம் இருக்கிறது.

சரி, அதுவரை கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பற்றுச்சீட்டு எதையும் எறியாதேங்கோ. சட்டத்தரணி பார்த்த பிறகு பேனாவை எடுக்கலாம்.