52 புத்தகம் படிக்கப் போய் ஒரு கால்வாயில் நின்றுவிட்டேன்

போன வருடம் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில், பத்து சதவீதக் கழிவில் பதினொரு புத்தகம் வாங்கினேன். கதை, நாவல் ஒன்றுகூட இல்லை. வரலாறு, பொருளாதாரம், தன்வரலாறு, மூளை எப்படி வேலை செய்கிறது என்று எல்லாவற்றிலும் ஒன்று. வாரம் ஒன்று, வருடத்துக்கு 52 என்று திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைச் சுவரில் அட்டவணையும் ஒட்டியாயிற்று. குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்குக் கைகொடுக்கும் என்பது கணக்கு. டிசம்பரில் எண்ணிப் பார்த்தால் முழுதாக முடித்தவை 19. வாங்கியதில் நான்கு இன்னும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அந்த 19-இல் 14 மார்ச் மாதத்துக்குள்ளேயே முடிந்தவை. என்ன வேகம் பாருங்கள். அப்போதுதான் அறைத்தோழன் கேட்டான்: "அண்ணே, பிப்ரவரில சுயஉதவிக் குழுக் கடன் பத்தி ஒண்ணு படிச்சீங்களே, அதுல என்னதான் சொல்றாங்க?" மஞ்சள் அட்டை என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏப்ரலில் முந்தைய தேர்வின் மதிப்பெண்ணும் வந்தது. கட்டுரைத் தாளில் இரண்டு கட்டுரை, தலா 125, மூன்று மணி நேரம். எனக்குக் கிடைத்தது 250-க்கு 94. மாத இதழ்களிலிருந்து பொறுக்கிய புள்ளிவிவரமும் பொன்மொழியும் வைத்து நிரப்பிய தாள் அது. அதற்கு அதுவே அதிகம்.

மாற்றம் வந்தது பறக்கும் ரயிலில். திருவல்லிக்கேணியில் ஏறி கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடப்பது என் வழக்கம். வழியெல்லாம் கீழே பக்கிங்காம் கால்வாய் கூடவே வரும். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவேனே தவிர, அதைப் பார்த்ததில்லை. நூலகத்தில் சென்னை வரலாறு ஒன்றைப் புரட்டும்போது இரண்டே வரி: கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் பகுதி, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தினமும் நான் கடந்து வரும் அதே பகுதி. அன்று வாரக் கணக்கைக் கைவிட்டு, அந்த இரண்டு வரியின் பின்னாலேயே போனேன்.

200 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இருபது பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை இடது பக்கத்தில் நாலைந்து வரியில் சொந்த நடையில் எழுத வேண்டும். வலது பக்கம் கேள்விக்கு மட்டும். ஒரு பதிவு இப்படி இருக்கிறது. இடது: "பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் (450 கிராம்), ஒரு அணா." வலது: "இதைத் தின்றுவிட்டு மண் வெட்ட முடியுமா? அப்போது யாராவது கேட்டார்களா?" கேட்டிருக்கிறார்கள். மதராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், அதோடு பருப்பு காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் மதராஸ் அரசே அளவை உயர்த்தியது. இந்தச் சண்டையை விரிவாகப் படிக்க, அப்போது மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878-இல் எழுதிய இரண்டு தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு கேள்வி அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். பஞ்சத்திலிருந்து ஏரிகளுக்கு, அங்கிருந்து 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்கு, கிருஷ்ணா நீருக்கு (1983-இல் ஒப்பந்தம், தண்ணீர் எல்லைக்கு வந்தது 1996-இல்!), 2015 வெள்ளத்துக்கு. பிறகு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வந்ததற்கு. நான்கே வருட இடைவெளியில் மூழ்கவும் தவிக்கவும் செய்த ஊர். மே மாதம் முதல்நிலைத் தேர்வுக்காக எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். ஜூனில் திறந்தபோது எதுவும் மறந்திருக்கவில்லை. பிப்ரவரியில் படித்த மஞ்சள் அட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கேட்பதால் சில விஷயம். என்னைப் போலத் தமிழ்வழியில் படித்தவர் என்றால், ஒரு துறையில் முதல் புத்தகம் தமிழிலேயே இருக்கட்டும். பெயர்களும் ஆண்டுகளும் பழகிய பிறகு ஆங்கிலப் புத்தகம் பாதி பயம் காட்டாது. சுயமுன்னேற்ற நூல்களில் முப்பது பக்கத்துக்கு மேல் நான் போனதில்லை, போகவும் வேண்டாம். ஒரு பக்கத்தில் சொல்லக்கூடியதைப் பத்து அத்தியாயத்துக்கு இழுத்திருப்பார்கள். அப்புறம், நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவிலேயே நாள் முழுக்க உட்காராதீர்கள். அங்கே எல்லோர் மேசையிலும் ஒரே வழிகாட்டி நூல்தான். மேல் தளங்களுக்கு ஏறி, அலமாரி அலமாரியாகச் சும்மா நடந்து பாருங்கள். அந்த இரண்டு வரி எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

அடுத்த தேர்வில் கட்டுரைக்கு 119. நோட்டில் இருந்த தண்ணீர் அப்படியே கேள்வியாக வரவில்லை. ஆனால் நிர்வாகம், வறுமை, நகரம் என்று எதை எழுதினாலும் ஒரு கூலிக்காரரும் ஒரு அணாவும் வந்து நின்றார்கள். இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை. பொது அறிவுத் தாள் ஒன்றில் வாங்கிய அடி அது. அதைத் தனியாக அழுதுகொள்கிறேன்.

இப்போது அறைத்தோழன் நோட்டைக் கேட்கிறான். தரவில்லை. அது என் கேள்விகள், அவனுக்கு எதற்கு? டிக்பியின் முதல் தொகுதியைத் தரவிறக்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "அண்ணே, முப்பது பக்கம் தாண்டல" என்றான்.

"சரி, முதல்லேர்ந்து படிக்காத. கார்னிஷ்னு பேரைத் தேடு, எங்க வருதோ அங்கேர்ந்து ஆரம்பி."