சாவி ஒப்படைக்கும் வரை

3 நவம்பர் 2025

பதிவறைச் சாவியை ஒப்படைக்கும் முன் முடிக்க வேண்டிய ஃபினாலே (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்) கோப்புகளிலேயே நாள் போய்விட்டது. 2024 ஆகஸ்டில் மேக்மியூசிக் அதன் மேம்பாட்டை நிறுத்திவிட்டது. இனி புதிய கணினிகளில் ஓடும் என்று உறுதியில்லை. எக்ஸ்போர்ட் மெனுவில் ஒரு ஃபோல்டரையே மொத்தமாக மியூசிக்எக்ஸ்எம்எல் (வேறு இசைக்குறிப்பு மென்பொருள்களும் படிக்கும் வடிவம்) ஆக்கலாம். ஸ்வரமும் தாளமும் வந்துவிடும், பக்க அமைப்பு குலையும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப். மியூஸ்ஸ்கோர் என்ற மற்றொரு இசைக்குறிப்பு மென்பொருளில் திறந்து பார்க்காமல் எதையும் ‘முடிந்தது’ என்று குறிக்கக்கூடாது.

பாடல் வரிகளைத் தொடவில்லை.

4 நவம்பர்

மழை. தகரக் கூரை. பதிவு இல்லை.

5 நவம்பர்

“சார், சுருதி ஏறிப்போச்சு.”

நொடிக்கு 44,100 சாம்பிள் வீதம் பதிந்த குரலை 48,000 ப்ராஜெக்டில் மாற்றாமல் போட்டிருக்கிறார்கள். சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 நொடியில் முடியும். பிட்ச் ஷிஃப்ட் போட்டு இறக்கினால் சுருதி சரியாகும், வேகம் அப்படியே நிற்கும். கோப்பை எடுத்துவிட்டு, உள்ளே கொண்டுவரும்போதே சாம்பிள் ரேட்டை மாற்றும் கட்டத்தில் டிக் போட வேண்டும். கதவில் ஒட்டியாச்சு: இந்த அறையில் எல்லாமே 48,000.

7 நவம்பர்

தைப்பூசத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை, உறுமிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பஃபர், அதாவது கணினி ஒலியைத் தேக்கிவைத்து அனுப்பும் அளவு, 1024 சாம்பிளில் கிடந்தது. போக 21 மில்லிசெகண்ட், வர 21. தன் அடியே பின்னால் வந்து கேட்டால் எந்தக் கை நிற்கும்? பதியும்போது 128, மிக்ஸிங்கில் மட்டும் 1024.

வளைந்த குச்சி இழுக்கும் முகத்துக்கு ஒரு மைக், அடிக்கும் முகத்துக்கு ஒன்று. ஒரு மைக்கின் ஃபேஸைத் திருப்பிக் கேட்டு, அடிநாதம் கனமாக இருக்கிற பக்கத்தில் விட வேண்டும். அடிநாதத்தை வெட்டும் லோ கட் வேண்டவே வேண்டாம். அந்த உறுமலுக்காகத்தானே உறுமி!

8 நவம்பர்

பாடல் வரிகள். தூக்கம் வரவில்லை.

பழைய கோப்புகளில் வரிகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. உள்ளே இருப்பது வெறும் எண்கள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் தருகிறது. மியூசிக்எக்ஸ்எம்எல்லில் எண் போகும், முகம் போகாது. ‘முருகா’ இருந்த இடத்தில் கொம்பும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துகள். தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிய பாட்டுகள் இவை, வேறெங்கும் பிரதி இல்லை.

வரிகளை லிரிக்ஸ் சாளரத்திலிருந்து எடுத்து, யூனிகோடு மாற்றியில் போட்டு, திரும்ப ஒட்ட வேண்டும். அதற்கு முன் எழுத்துரு எந்தப் பழைய குறியீட்டு முறை, டிஸ்கியா, டாமா, டாபா என்று பார்த்தாக வேண்டும். தவறாகத் தேர்ந்தால் ஒரு குப்பை வேறு குப்பையாகும். ‘கோ’ என்றால் இரட்டைக் கொம்பு முன்னால் தனி எண்ணாக நிற்கிறது. அசை பிரிக்கும் கோடு கொம்புக்கும் ‘க’வுக்கும் நடுவில் விழுந்திருந்தால் மாற்றிக்கு அது புரியாது. கையால்தான்.

9 நவம்பர்

கீபோர்டில் வாசிக்கும் வீணை ஒலிக்கு பெண்ட் ரேஞ்ச் (சுருதி வளையும் எல்லை) 2 அரைஸ்வரத்தில் இருந்தால் பெரிய கமகம் முழுதாக வளையாது. 12. மென்பொருள் வாத்தியத்திலும் அதே 12.

11 நவம்பர்

புதிதாக வரும் தம்பி மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். மைக்குக்கு 48 வோல்ட் போடும் முன் ஒலியைக் குறைப்பது, கேபிள் பிடுங்கும் முன் அதை அணைப்பது, எல்லாம் சொன்னதும் பிடிபட்டது. நல்ல காது. டாம் பற்றிச் சொன்னபோது மட்டும் “எல்லாம் யூனிகோடுதானே அண்ணே?” என்றார்.

12 நவம்பர்

மின்னல். கணினி, இன்டர்ஃபேஸ், மோடத்தின் லைன் வரை எல்லாம் பிடுங்கியாச்சு. வரிகள் அப்படியே பாதியில் கிடக்கின்றன.

13 நவம்பர்

நாளை சாவி. இன்னும் 26 கோப்புகள். ‘கோ’வைத் தேடி